மூன்றாம் வளைவின் ஓவசியர்

மார்ஷ்கேட் அரங்கில் புதன்கிழமைகளில் நாய்கள் ஓடின, வெள்ளிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. இரண்டுக்கும் புத்தகம் அச்சடித்து வாசலில் விற்பார்கள். நாய்ப் புத்தகத்தில் ஒவ்வொரு நாயின் பெயரும் அதன் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். மோட்டார் சைக்கிள் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் நடுவர், கொடி காட்டுபவர், வைத்தியர், அம்புலன்ஸ்காரர், இடைவேளையில் பாட்டுப் போடுகிறவர் என்று பதினொரு பெயர்கள் இருக்கும். மோட்டார் சைக்கிள்கள் ஓடிய பாதையைக் கிழமை முழுக்கக் கிளறி, நனைத்து, சமப்படுத்திய தில்லையம்பலத்தின் பெயர் இரண்டிலும் இல்லை.

“நாய்க்கும் தாய் தேப்பன் பேரோட போட்டிருக்கு, ஐசே,” என்பார் யாக்கோப்பு. “உமக்கு உம்மட பேரை மட்டுமெண்டாலும் போட்டிருக்கலாம்.”

யாக்கோப்புவுக்கு ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை. தில்லையம்பலத்தோடு ஒரே விமானத்தில் வந்து, ஒரே வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தவர். அந்த உரிமையில் எதையும் சொல்வார். வெள்ளிக்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அரங்குக்கு வந்து, மூன்றாம் வளைவுக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறவர்களிடம் அதைக் கதையாகச் சொல்வார். தில்லையம்பலம் அதே கடையில், லண்டனில் தன் பொறுப்பில் ஒரு பாதை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. பெயர் அச்சில் வந்தால் நம்புவார்கள் என்று அவர் எண்ணினார். ஐந்து வருஷமாக அவர் அந்த அரங்கிடம் எதிர்பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

யாழ்ப்பாணத்தில் அவர் பதினாறு வருஷம் அரசாங்க றோட்டு ஓவசியராக இருந்தவர். அவர் போட்ட றோட்டில் முதலில் இராணுவ லொறிகள் போயின. பிறகு இயக்கத்துப் பெடியள் அதே றோட்டைத் தோண்டிக் கண்ணிவெடி வைத்தார்கள். தோண்டுவதற்கு இவ்வளவு இலகுவாக இதைப் போட்டது யார் என்று இராணுவம் அவரை ஒரு நாள் வைத்து விசாரித்தது. லொறி ஓடுவதற்கு இவ்வளவு வசதியாகப் போட்டது யார் என்று மற்றவர்கள் இரண்டு நாள் விசாரித்தார்கள். இரு பக்கத்துக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: டிப்பார்ட்மென்ட் சொன்னபடி போட்டது. எண்பத்தைந்தில் அந்தப் பதில் இனி உதவாது என்று கண்டு, மனைவி தவமலருடன் வெளிக்கிட்டார்.

லண்டனில் முதல் வேலை பெற்றோல் ஷெட்டில். அடுத்தது மார்ஷ்கேட்டில் கதிரைகளுக்குக் கீழே கிடக்கும் கடதாசிக் கோப்பைகளைப் பொறுக்குவது. எட்மண்டனில் அவர்கள் இருந்த அறையிலிருந்து லீ ஆற்றோரமாக நடந்து போகிற தூரம். பாதையை வாரிச் சமப்படுத்தும் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் சண்டை பிடித்துக்கொண்டு போய்விட, வேறு யாருக்கு அது ஓட்டத் தெரியும் என்று மனேஜர் பென்ஃபோல்ட் கேட்டான். தில்லையம்பலம் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, “நான் றோலரே ஓட்டினனான்,” என்றார்.

பென்ஃபோல்ட் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். தில்லையம்பலம் அதை எவரிடமும் தன் தமிழில்தான் திருப்பிச் சொல்வார். அப்படிச் சொல்லும்போது மரியாதை ஒரு படி குறைந்துபோகும். இங்கும் அவர் சொன்னபடியே வருகிறது.

முதல் கிழமையே அவர் ஒரு பிழை விட்டார். ஓவசியர் ஒருவர் மட்டுமே விடக்கூடிய பிழை. அந்தப் பாதை முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடிய ஒரு நீள்வட்டம், மேலே சிவந்த கல்தூள். அதைப் பார்த்ததும், பராமரிக்காமல் கெட்டுப்போன றோட்டு என்று முடிவுகட்டினார். மூன்று நாள் தண்ணீர் விட்டு, றோலர் போட்டு, சீமெந்து நிலம்போல இறுக்கி வைத்தார். வெள்ளிக்கிழமை நான்கு நான்கு பேராக வந்து ஓடினார்கள். அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் சறுக்கவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அந்தச் சக்கரம் கவ்வுவதற்குத் தூள் வேண்டும். தூள் இல்லாத பாதையில் எல்லாரும் உள்விளிம்பை ஒட்டி ஒருவன் பின் ஒருவனாக ஓடினார்கள். முதல் வளைவை முதலில் எட்டியவனே நான்கு சுற்றும் முதல்வன். முந்துவதைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த சனம் ஊளையிட்டது.

“என்ன செய்து வைச்சிருக்கிறாய்?” என்றான் பென்ஃபோல்ட்.

“றோட்டு.”

“இது றோட்டில்லையடா. இதில ஒருத்தனும் ஒரு இடத்துக்கும் போறேல்லை.”

அந்த வசனம் தில்லையம்பலத்தைப் பல நாள் உறுத்தியது. ஓர் இடத்துக்கும் போகாத வழியை எதற்காக ஒருவன் நன்றாக வைத்திருக்க வேண்டும்? போய்ச்சேர ஓர் இடம் இருப்பதால்தான் அது வழி என்று அவர் அதுவரை எண்ணியிருந்தார். ஒரு நிமிஷம் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும் மனிதர்களை அவரால் மதிக்க முடியவில்லை. அவர்களுடைய இயந்திரங்களிலிருந்து வந்த எரிந்த ஆமணக்கெண்ணெய் மணத்தையும் பொறுக்க முடியவில்லை. ஊரில் பேதிக்குக் குடிப்பதை இவர்கள் எஞ்சினுக்குக் குடுக்கிறாங்கள் என்பார். ஆனாலும் வேலையைப் பழகிக்கொண்டார். எங்கே எவ்வளவு தூள் நிற்க வேண்டும், எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டால் ஏழரைக்கு எப்படி இருக்கும் என்பதெல்லாம் நான்கு வருஷத்தில் கைக்குள் வந்தது. கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்வது மிகை. பிடிவாதம் அவரிடம் நிறைய இருந்தது, அதுவே அந்த வேலைக்குப் போதுமாக இருந்தது.

தொண்ணூறில் மார்ஷ்கேட் அணி இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தது. தொண்ணூற்றொன்றில் முதல் பிரிவுக்கு ஏற்றினார்கள். அது ஏறியிருக்கக் கூடாத படி. எதிரணிகளில் டென்மார்க்கிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தவர்கள் ஓடினார்கள். மார்ஷ்கேட்டின் ஏழு பேரில் அவர்களுக்கு ஈடுகொடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். ஏப்ரிலில் தோற்றார்கள், மே மாதம் முழுக்கத் தோற்றார்கள். ஓட்டத்துக்கு ஆறு புள்ளி, மாலைக்குப் பதினைந்து ஓட்டம். பாதி தாண்டுமுன்பே முடிவு தெரிந்துவிடும். மிச்சப் பொழுதை அந்தச் சனம் திட்டிக் கழித்தது.

முதலில், ஓடியவர்களைத் திட்டினார்கள், பிறகு பென்ஃபோல்டை. மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை பாதையை வாருவதற்கு உழவு மெசின் வரும்போது தில்லையம்பலத்தைத் திட்டினார்கள். பாகிஸ்தானி என்பதை வசையாகச் சுருக்கிய ‘பாக்கி’ என்பதுதான் அவருக்கு அங்கே பெயர். மூன்றாம் வளைவில் நின்ற கூட்டம் அதைத் தாளம்போட்டுச் சொல்லும். அவரும் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்குள் நின்று, அவர்களுடைய தாய்மாரையும் தாய்மாரின் தாய்மாரையும் விட்டுவைக்காமல் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே சுற்றி வருவார். எதிரே நின்ற யாக்கோப்புவுக்கு வாயசைவிலேயே விளங்கும்.

“ஐசே, போன வெள்ளி நீர் சொன்னதில ஒண்டு எனக்கே புதுசு,” என்பார்.

ஜூலையில் பென்ஃபோல்ட் அவரைக் கூப்பிட்டு, மூன்றாம் வளைவின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் இளக்கிவிடச் சொன்னான். வேலியை ஒட்டி ஓடுகிறவர்கள் எதிரணியில் அதிகம். நம் ஆட்கள் உள்ளே ஓடுவார்கள், அவ்வளவுதான் என்றான். தில்லையம்பலம் இளக்கிவிட்டார். எல்லா அரங்கிலும் செய்வதுதானே என்று நினைத்தார். நாலாவது ஓட்டத்தில் வடக்கு நகரம் ஒன்றிலிருந்து வந்தவன் அந்த இடத்தில் சக்கரம் புதைந்து, வேலியில் மோதி, தொடை எலும்பு முறிந்து கிடந்தான். கத்தவில்லை. ஒரு கையால் தூளை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தான்.

நடுவர் மேலே இருந்த தன் அறையிலிருந்து இறங்கி வந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

“இந்தப் பாதையைத் தயாரித்தது யார்?” என்று கேட்டார்.

பென்ஃபோல்ட் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். “குறிப்பா ஒருத்தரெண்டு இல்லை. கழகம்தான்.”

நடுவர் புத்தகத்தை எடுத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தார். பாதைக்குப் பொறுப்பென்று அதில் ஒரு பெயரும் இல்லை. “அப்ப கழகத்தின்ர பேரைத்தான் எழுதவேணும்,” என்று எழுதிக்கொண்டு போனார். கழகம் தண்டம் கட்டியது.

ஐந்து முழம் தள்ளி, தூள் வாரியைப் பிடித்தபடி தில்லையம்பலம் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேள்வியை அவரிடம் ஊரில் இரண்டு தரம் கேட்டிருந்தார்கள். அங்கே பொய் சொல்ல வேண்டி இருக்கவில்லை. இங்கே வாய் திறக்காமலே பொய் சொன்னார். பிறகு யாக்கோப்புவிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்தான் தெரிந்தது. வெட்கத்துக்கும் கோபத்துக்கும் அவரிடம் ஒரே முகம்தான் இருந்தது.

செப்டெம்பர் கடைசியில் ஒரே ஒரு போட்டி மிஞ்சியது. சொந்தப் பாதையில், வெள்ளிக்கிழமை. வென்றால் முதல் பிரிவில் நிற்கலாம். தோற்றால் இறக்கம். எதிரணியின் பலம் ஒரு சுவீடன்காரன். வேலிக்கும் தனக்கும் இடையில் ஒரு சாண் விட்டுத்தான் ஓடுவான். அந்த வருஷம் முழுக்க அவனை முந்தியவர்களைக் கைவிரலில் எண்ணலாம்.

வியாழன் பின்னேரம் பென்ஃபோல்ட் அச்சகத்திலிருந்து வந்த புத்தகத்தைக் கொண்டுவந்து உழவு மெசினின் இருக்கையில் வைத்தான்.

“நாலாம் பக்கம் பார்,” என்றான்.

பன்னிரண்டாவது வரி: பாதை அதிகாரி, எஸ். தில்லையம்பலம்.

“சந்தோசம்தானே?”

“ஓம்,” என்றார் தில்லையம்பலம்.

அன்று அவர் கை கழுவாமலே ரயில் ஏறி ஈஸ்ட் ஹாமுக்குப் போனார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். யாக்கோப்பு கண்ணாடியைப் போட்டு, பன்னிரண்டு பெயர்களையும் முதலிலிருந்து வாசித்து, கடைசியில் நின்றார்.

“சரி, ஐசே. நாயளுக்குக் கிட்ட வந்திட்டீர்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் புத்தகம் கைமாறிப் போனது. ஒருவர் “பாதை அதிகாரி” என்று ஒருமுறை உரத்துச் சொல்லிப் பார்த்தார். யாக்கோப்பு, தில்லையம்பலம் கேட்டு எடுத்து வந்திருந்த இரண்டாவது பிரதியை வாங்கி, பக்கம் தெரியும்படி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒட்டினார்.

வீட்டில் தவமலர் ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். புத்தகத்தை வாங்கி, வாசித்து, மேசையில் வைத்தாள்.

“இவ்வளவு நாளும் போடாதவன் இப்ப ஏன் போட்டவன்?”

“உமக்கு எனக்கொரு நல்லது வந்தால் பொறுக்காது.”

“நல்லதெண்டால் ஏப்பிரலில போட்டிருப்பான். கடைசி நாளில போடுற மாலை எதுக்கெண்டு எனக்குத் தெரியும்.”

தில்லையம்பலம் சாப்பிடாமல் படுத்தார். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் அகப்படவில்லை என்பதே அவருக்கு ஆத்திரம்.

வெள்ளி மத்தியானம் பென்ஃபோல்ட் வந்தான். இந்தமுறை இளக்குவது போதாது என்றான். மூன்றாம் வளைவில் வேலியோரம் ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி, பவுசர் வண்டியால் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, மேலே இரண்டு அங்குலம் காய்ந்த தூள் போட்டு மூடவேண்டும். நடுவர் ஆறு மணிக்கு நடந்து பார்க்கும்போது காய்ந்ததுதான் கண்ணுக்குத் தெரியும். சுவீடன்காரன் முதல் ஓட்டத்திலேயே அதற்குள் போவான்.

“அவன் சாவான்,” என்றார் தில்லையம்பலம்.

“விழுவான். விழுறது அவங்கட தொழில்.”

“நடுவர் கேட்டால்?”

“அதுக்கென்ன? நான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நீ உன்ர அறிவுக்குச் செய்யிறாய்.” பென்ஃபோல்ட் அவருடைய தோளில் தட்டினான். “உன்ர பேர்தானே புத்தகத்தில இருக்கு.”

அவன் போன பிறகு தில்லையம்பலம் எஞ்சினைப் போடாமல் இருக்கையில் இருந்தார். ஐந்து வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தது என்ன பொருள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஜூலையில் நடுவர் புத்தகத்தில் பெயர் தேடிக் காணாத இடத்தை நிரப்புவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதற்கு அவருடையது பொருந்தியது. பள்ளம் தோண்டாவிட்டால் வேலை போகும். தோண்டினால் பெயர் போகும். அந்தப் பெயரோ முந்தநாள்வரை அங்கே இருந்ததே இல்லை. ஒரு பெயர் இருக்கிற இடத்தில்தான் அதைக் கெடுக்கவும் முடியும்.

பிறகு அவர் செய்ததை நற்செயல் என்று உயர்த்த வேண்டியதில்லை. தூளை அள்ளி அள்ளி விட்ட அந்தக் கை அவர் மனதில் இருந்தது உண்மை. பென்ஃபோல்ட் தட்டிய தட்டும் தோளில் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. மனிதர்கள் சரியானதைச் செய்வதற்குக் கோபம் ஒரு கெட்ட காரணம். பல வேளைகளில் வேறு காரணம் கையில் அகப்படுவதில்லை.

அவர் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த இரும்பு றோலரை இழுத்து வந்து உழவு மெசினில் கொழுவினார். சுற்றிலும் வேலியோரத்துத் தூள் முழுவதையும் வழித்து எடுத்தார். தண்ணீர் விட்டார், றோலர் போட்டார், மறுபடி தண்ணீர், மறுபடி றோலர். பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அறியாமல் செய்ததை அன்று அறிந்து செய்தார். முந்நூறு மீட்டர் றோட்டுப் போட்டார்.

பென்ஃபோல்ட் மத்தியானம் முழுக்க விளம்பரக்காரர்களோடு அறைக்குள் இருந்தவன், ஆறு மணிக்கு நடுவரோடுதான் வெளியே வந்தான். ஜூலையில் வந்த அதே நடுவர். அவர் நேரே மூன்றாம் வளைவுக்குப் போய் வேலியோரம் குதிகாலால் மிதித்தார். தடம்கூடப் பதியவில்லை. இன்னும் நாலு இடத்தில் மிதித்தார்.

“ஓடுறவங்களுக்குப் பிடிக்காது. ஆனால் ஆபத்தில்லை,” என்றார். “இதைத் தயாரித்தது யார்?”

“நான்தான்,” என்றார் தில்லையம்பலம். “நாலாம் பக்கத்தில இருக்கு.”

நடுவர் பார்த்து, எழுதிக்கொண்டார். பென்ஃபோல்டின் கழுத்து சிவந்தது. நான் தோண்டச் சொன்ன பள்ளம் எங்கே என்று நடுவருக்கு முன்னால் கேட்க அவனுக்கு வழியில்லை. நடுவர் போனதும் கிட்ட வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “உடனே போய்க் கிளறு,” என்றான்.

“அவர் பாத்து எழுதிட்டார். இனிக் கை வைக்க ஏலாது. அது உங்கட சட்டம்.”

ஏழரைக்குத் தொடங்கியது. ஒருவரும் ஒருவரையும் முந்தவில்லை. தொடக்கக் கோட்டில் கட்டிய நாடா மேலே போனதும் எவன் முதலில் பாய்ந்தானோ அவனே வென்றான். பாய்வதில் எதிரணி கெட்டி. சுவீடன்காரன் வேலிப்பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லையென்று கண்டு, மற்றவர்களைப்போல உள்ளே ஓடி, ஓடிய எல்லா ஓட்டத்தையும் வென்றான். ஆறாவது ஓட்டத்துக்குள் சனத்துக்கு விளங்கிவிட்டது. பாதையில் தூள் இல்லை. அதை எடுத்தவன் ஒருவன் இருக்கிறான். யாரோ ஒருவன் புத்தகத்தைப் புரட்டி நான்காம் பக்கத்தை எடுத்தான்.

பன்னிரண்டாவது ஓட்டம் முடிந்தபோது இறக்கம் நிச்சயமாகிவிட்டது. அந்த இடத்தில் உழவு மெசின் ஒருமுறை சுற்றி வரவேண்டும். அது பாதையில் நிற்கும்வரை ஓட்டம் தொடங்கக் கூடாது. இன்று வேண்டாம், உள்ளேயே இருந்துகொள் என்று கொடி காட்டுகிறவன் சொல்லிப் பார்த்தான். தில்லையம்பலம் எஞ்சினைப் போட்டார்.

முதல் வளைவில் ஊளை. இரண்டாவதில் கடதாசிக் கோப்பைகள். மூன்றாவதில் பியர்ப் போத்தல் ஒன்று மட்காட்டில் பட்டு உடைந்தது. சுருட்டிய புத்தகங்கள் முதுகில் வந்து விழுந்தன. இரண்டாயிரம் பேர் அவருடைய பெயரைச் சொன்னார்கள். பாக்கி என்று மட்டும் சொல்லிவந்த வாய்கள், முழுப்பெயரையும் தாளம்போட்டு, நாட்டைவிட்டுப் போ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லின. ஓடுகிறவர்கள் நான்கு சுற்றை ஒரு நிமிஷத்தில் முடிப்பார்கள். அவர் ஒரு சுற்றுக்கு ஆறு நிமிஷம் எடுத்தார். அன்று அவர் தமிழில் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை என்று எதிரே நின்ற யாக்கோப்பு பின்னர் சாட்சி சொன்னார். மூன்றாம் வளைவில் இறங்கி, வேலியோரம் கிடந்த போத்தல் துண்டுகளைக் கையால் பொறுக்கி வாளிக்குள் போட்டார். ஒரு துண்டும் விடவில்லை. பிறகு ஏறிப் போனார்.

முப்பத்தெட்டுக்கு ஐம்பத்திரண்டு. பென்ஃபோல்ட் கொட்டகை வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“திறப்பைத் தா. உன்னாலதான் இறங்கினது. இந்த நாட்டில உனக்கு இனி ஒருத்தனும் பாதை தரமாட்டான்.”

தில்லையம்பலம் உழவு மெசினின் திறப்பைக் கொடுத்தார். அவன் சொன்னது முழுக்கப் பொய்யும் அல்ல. அதற்குப் பிறகு அவர் எட்டு வருஷம் ஒரு கொன்ட்ராக்டரிடம் கவுன்சில் றோட்டுகளில் குழி அடைத்தார். ஒரு பலகையிலும் அவர் பெயர் வரவில்லை. மார்ஷ்கேட் இன்னும் மூன்று வருஷம் இரண்டாம் பிரிவில் தோற்றுவிட்டு மூடப்பட்டது.

யாக்கோப்பு பின்வாசலில் நின்றார். அவருடைய கோட்டில் யாரோ ஒருவன் துப்பியிருந்தான். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கேன் துப்பினவன் தெரியுமோ? என்னை நீரெண்டு நினைச்சிட்டான்.”

“பிறகு?”

“நான் இல்லையெண்டு சொல்லப் போனனான். பிறகு சொல்லேல்லை.” கைக்குட்டையை மடித்து வெளிப்பக்கத்துப் பையில் வைத்தார். “ரெண்டாயிரம் சனம், ஐசே. கலியாண வீட்டிலயும் உம்மட பேரை இப்பிடி ஒருத்தரும் சொன்னதில்லை.”

“கடையில ஒட்டினதைக் கழட்டிப் போடும்.”

“ஏன்? அதில பொய் ஒண்டும் இல்லையே.”

தில்லையம்பலம் நடந்தார். அரங்குக்குள் இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரம் வரை அது கேட்டது.

வீட்டில் தவமலர் கதவைத் திறந்து, அவருடைய கையில் இருந்த வெட்டுக்காயத்தைப் பார்த்தாள். வென்றதா தோற்றதா என்று கேட்கவில்லை.

“ஆரும் விழுந்தவங்களோ?”

“ஒருத்தரும் விழேல்லை,” என்றார் தில்லையம்பலம்.